ஐயாவுக்குப் போகாத பலாப்பழங்கள்

பெரியம்மா இறந்தபோது தொண்ணூறைத் தாண்டியிருப்பாள். சரியான வயது அவளுக்கே தெரியாது. என் அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா இளம் வயதிலேயே போய்விட்டார். அடுத்த வருஷம் என் அம்மாவும் போய்விட்டாள். பெரியம்மாவுக்கு ஒரே மகன், என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன். எங்கள் இருவரையும், அதிகம் பேசாத என் அப்பாவையும், முந்திரித் தோப்பையும், ஏரிக்குக் கீழே இருந்த நெல் வயலையும் அவள்தான் கட்டி மேய்த்தாள்.

ஊரில் பிரசவம் என்றாலும் சண்டை என்றாலும் அவளைத் தேடித்தான் ஆள் வரும். சண்டைக்கு வந்தவர்களை முதலில் உட்கார வைத்துச் சோறு போடுவாள். அவர்கள் கை கழுவி வருவதற்குள் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். எனக்கு அம்மை போட்டிருந்த பதினெட்டு நாளும் என் பக்கத்திலேயே படுத்திருந்தாள். அண்ணன் மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டான்.

எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்றார்கள். நியாயமாக அது அண்ணனுக்கு வரவேண்டியது. அவன் பத்தாவதோடு நின்றுவிட்டவன், நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். பெரியம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

"சின்னவன் போவட்டும். படிச்சிருக்கான், மேல வருவான். பெரியவன் என்கூட மீதி நெலத்தப் பாத்துகினு இருக்கட்டும்."

அண்ணன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "அப்ப சைக்கிள நீ எடுத்துக்க. ஷிப்டுக்குப் போவணும்ல" என்றான்.

நான் பர்மனென்ட் ஆனேன். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். குள்ளஞ்சாவடிப் பக்கம் மிச்சமிருந்த நிலத்தில் பெரியம்மாவும் அண்ணனும் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. அண்ணன் கான்ட்ராக்ட் ஆளாக மைன்ஸுக்கே வந்து சேர்ந்தான். கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் நிலக்கரியை அள்ளிப்போடும் வேலை. நான் அதிகாரிகளோடு நிற்கும்போது என்னைத் தெரியாதவன்போல விலகிப் போவான். அது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது பெரியம்மா பஸ் ஏறி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். பை நிறைய மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை. வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உங்க ஐயாகிட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்றியா?"

வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எனக்கு அப்போது புரொமோஷன் வரவேண்டியிருந்தது. சொந்தக்காரனுக்குச் சிபாரிசு கேட்கிறான் என்று, அவள் ஐயா என்று சொன்ன என் மேலதிகாரி நினைத்துவிடுவாரோ என்று பயம். "சொல்றேன் பெரியம்மா" என்றேன். ஒரு மாதம் கழித்து அவள் கேட்டபோது, "சொல்லிட்டேன். பாக்கலாம்னாரு" என்றேன். நான் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சித்திரையில் பெரியம்மா வீட்டுப் பின்புறத்து மரத்திலிருந்து ஒரு பலாப்பழம் அண்ணன் கையில் வந்தது. "ஐயாவுக்குக் குடுக்கச் சொல்லிச்சு அம்மா. மொதப் பழம்" என்று வாசலில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனான். நான் அதை அறுத்து பிளாக்கில் நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். நாங்களும் சாப்பிட்டோம். "ஐயாவுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சாம்" என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

நான்கு சித்திரைகள் இப்படிப் போயின. நான்கு பழங்கள். என் மனைவி, "ஒண்ணாவது கொண்டுபோய்க் குடுத்துட்டு விஷயத்தச் சொல்லுங்களேன்" என்பாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அதற்குள் ஐயாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்தி சொன்னதும் பெரியம்மா, "பாவம், நல்ல மனுசன். நம்ம நேரம்" என்றாள்.

மகள் கல்யாணம் டவுன்ஷிப் மண்டபத்தில் நடந்தது. ஓய்வுபெற்றிருந்த அவர் குடும்பத்தோடு வந்தார். நான் வரவேற்று உட்கார வைத்தேன். யார் காட்டினார்களோ, பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து அவர் முன்னால் வந்து கும்பிட்டாள்.

"நல்லா இருக்கீங்களாங்க? பழமெல்லாம் இனிப்பா இருந்துச்சுங்களா?"

"எந்தப் பழம்மா?"

"வருசா வருசம் குடுத்து வுட்டமே, பலாப்பழம்."

அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பெரியம்மாவும் பார்த்தாள். நான் தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியம்மா அவர் பக்கம் திரும்பினாள். "தப்பா நெனைக்காதீங்க. வயசாயிடுச்சு, கண்ணு தெரியல. வேற யாரோன்னு நெனச்சிகினேன்" என்றாள். மறுபடி கும்பிட்டுவிட்டு மெதுவாகப் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

அவர் என்னிடம், "யாரு, உங்க அம்மாவா?" என்று கேட்டார். சொன்னேன். அண்ணன் மைன்ஸில் கான்ட்ராக்டில் இருப்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். "அடடா, நான் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே. கிடைச்சிருக்கும்னு சொல்லல. பேரையாவது எழுதி அனுப்பியிருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் பெரியம்மா உயிரோடு இருந்தாள். நான் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். பேத்தியைப் பற்றிக் கேட்பாள். அண்ணன் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸில் போவேன். அவள் சிரித்துக்கொண்டு பேசும்போது எதற்கு அதைக் கிளறுவது என்று தோன்றும். அப்படியே திரும்பி வந்துவிடுவேன். கடைசி மாதங்களில் அவளுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. அதன் பிறகு கத்தித்தான் சொல்லவேண்டும், தெருவுக்கே கேட்கும். அதுவும் எனக்கு ஒரு சாக்காகிவிட்டது.

கருமாதி முடிந்த மறுநாள் கொல்லையில் அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்தன்னிக்குத் தெரிஞ்சிடுச்சு."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "மறுநாளு காலையில என்னைக் கூப்ட்டு, 'தம்பிகிட்ட இனிமே வேலையப் பத்திப் பேச்செடுக்காத, அவன் மனசு கஷ்டப்படும்'னு சொல்லிச்சு. ஏன்னு எனக்கு அப்ப வெளங்கல" என்றான்.

பிறகு உள்ளே போய்விட்டான். அன்றைக்கு அவன் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. நான்கைந்து மாதம் கழித்து, அண்ணி சொல்லித்தான் பேச ஆரம்பித்தான். இப்போதும் போனால் டீ வாங்கிக் கொடுக்கிறான், பஸ் ஏற்றிவிட வருகிறான். என்மேல் கோபம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "பஸ் வருது பாரு" என்றான்.