புகை குடித்த வருஷம்

கொடியிலிருந்து ஒரு திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டு, சதையை விழுங்கிவிட்டு, விதையை மட்டும் முன்பல்லால் கடிக்கிறாள் நிவெஸ் பெர்த்தோலின். பிறகு அதை உள்ளங்கையில் துப்பி வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். பச்சையாக இருந்தால் பேசாமல் நடையைக் கட்டுவாள். பழுப்பேறி, கறுக்கென்று உடைந்தால் அன்றைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி உண்டு. கிங் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் எல்லோரிடமும் பழத்தின் சர்க்கரை அளக்கும் கருவி இருக்கிறது. இவளிடமும் இருக்கிறது, சமையலறை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறாள்.

தேதி அவளுக்கு நிற்காது. வருஷங்களை வானிலையைக் கொண்டுதான் நினைவு வைத்திருக்கிறாள். தம்பி தாரியோவின் கல்யாணம் எப்போது என்று கேட்டால், "அறுவடைக்கு முந்தி மழை கொட்டிச்சே, பழம் பூரா வெடிச்சுதே, அந்த வருஷம். ஒயினும் சப்புனு, மாப்பிள்ளையும் சப்புனு" என்பாள். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன தாரியோ, இப்போதும் சிரிக்கத்தான் செய்கிறார்.

இந்த வருஷம் அவளுக்கே வாயடைத்துவிட்டது. வசந்தத்தில் போதுமான மழை, பிறகு கச்சிதமாக ஓய்ந்தது. பூத்த நாட்களில் காற்றே இல்லை. கோடையில் பகலெல்லாம் வெயில், ராத்திரியானால் மலையிலிருந்து இறங்கும் குளிர். வெயில் பழத்தை இனிக்கவைக்கும், குளிர் அதன் புளிப்பைக் காப்பாற்றும். இரண்டும் இப்படிக் கைகோத்த வருஷத்தை அவள் பார்த்ததில்லை. யாராவது தோட்டத்தைப் புகழ்ந்தால் சட்டென்று பக்கத்து இரும்புக் கம்பத்தைத் தொட்டுக்கொள்வாள். அவர்கள் வீட்டில் கண்ணேறு கழிப்பது அப்படித்தான்.

பழம் நிறம் மாறும் சமயத்தில் மலைக்கு அப்பால் காடு பற்றிக்கொண்டது. நெருப்பு இந்தப் பக்கம் வரவில்லை, புகை வந்தது. வந்த புகை அப்படியே கலைந்து போயிருக்கலாம். எந்தக் குளிரை மெச்சிக்கொண்டிருந்தாளோ, அதே குளிர் மூடி போட்டதுபோல் அதைப் பள்ளத்தாக்கிலேயே அமுக்கி வைத்தது. பாவி வானம், கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொண்டது.

தோலில் இறங்கிய புகை பழத்தில் தெரியாது. புளித்து ஒயினாகும்போதுதான் வாயைத் திறக்கும். அதனால் அறுவடைக்கு முன்பே ஒரு வாளிப் பழத்தை மிதித்துச் சமையலறையில் புளிக்க வைத்துப் பார்த்தார்கள். பதம் வந்ததும் தாரியோ ஒரு தம்ளர் குடித்துவிட்டு, "அக்கா, இந்த மாதிரி நாம பண்ணதே இல்ல" என்றார். அவர் நாக்குக்குப் புகை தெரியாது. சிலருடைய நாக்கு அப்படி.

நிவெஸ் ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள். முதலில் செர்ரிப் பழம் மாதிரி வந்தது, அவளுக்குக் கண் கலங்கியது. கடைசியில், அணைந்த அடுப்பை நக்கியதுபோல, சாம்பல். மேட்டு வரிசையிலிருந்து இன்னொரு வாளி எடுத்து வரச் சொன்னாள். அதுவும் புளித்தது. அதிலும் சாம்பல்.

"எனக்குத் தெரியலையேக்கா. என்னை மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க, அவங்க குடிக்கட்டுமே."

"எனக்குத் தெரியுதேடா."



அறுவடை முடிந்தபின் உதிர்ந்த இலையை மேய, பக்கத்து மேய்ச்சல் நிலத்து ஆடுகளை உள்ளே விடுவது வழக்கம். நேற்றுக் காலை, இன்னும் பறிக்காமல் கறுத்துத் தொங்கும் குலைகளுக்கு நடுவே நடந்து, வேலியோரம் வந்து நின்றாள். ஆடுகள் அந்தப் பக்கம் முட்டிக்கொண்டு நின்றன. வழியில் பிய்த்த பழத்தின் விதையைக் கடித்து, உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். நல்ல பழுப்பு.

"பழம் என்ன அழகா இருக்குக்கா" என்றார் பின்னால் வந்த தாரியோ.

நிவெஸ் இரும்புத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். கேட்டை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி கம்பியால் கட்டினாள்.