நாலாவது காது

அன்று எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பல்கலைக்கழகத்தில் திமிங்கிலங்களின் ஓசையை ஆராயும், நான் அக்கா என்று கூப்பிடும் மாணவி, அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்திருந்த நான், கருவிகளை ஏற்றி வந்த வேன் டிரைவர், அம்மா, அந்த வருஷம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த சித்தப்பா. அப்பா இல்லை, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலையில், அவருக்குப் பகல் ஷிப்ட். திமிங்கிலமும் இல்லை. அதன் குரல் மட்டும் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பதிவாக இருந்தது.

ஆழ்கடலில் போகும் திமிங்கிலத்தைக் கண்ணால் தேட முடியாது. ஆனால் அது டக், டக் என்று சொடுக்கிக்கொண்டே போகும். தண்ணீருக்குள் நாலு இடத்தில் ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டால், அந்தச் சொடுக்கு ஒன்றுக்கு முந்தியும் இன்னொன்றுக்குப் பிந்தியும் வந்து சேரும். எதற்கு எவ்வளவு பிந்தியது என்று கணக்குப் போட்டால், திமிங்கிலம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அந்த ஒலிவாங்கிகளை அக்கா காது என்றுதான் சொல்வார்.

கணக்கு சரியாக வருகிறது என்று ஏரியில் காட்டினால்தான் கடலுக்குப் படகு தருவதாக அக்காவின் பேராசிரியர் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மழை பிடித்துவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் அக்காவுக்கு உதவித்தொகை கிடையாது.

காலையில் நாலு காதுகளையும் கல் கட்டி இறக்கினோம். மிதவையாக வெள்ளை எண்ணெய் கேன்கள். எது எங்கே இருக்கிறது என்று நானே குறித்துக் கணினியில் ஏற்றினேன். பிறகு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தோம். சித்தப்பாவின் படகில் டிரைவர் ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் இறக்கினார். ஏரிக்குள் டக், டக் ஆரம்பித்தது.

கணினி காட்டிய புள்ளி ஏரியிலேயே இல்லை. கரையைத் தாண்டி எங்கள் தெருவில் நின்றது.

டிரைவர் படகிலிருந்தே அம்மாவிடம் கேட்டார். "இன்னாம்மா, திமிங்கிலம் உங்க ஊட்டாண்ட வந்துக்கினு கீதாமே. கொழம்பு பத்துமா?"

"வரட்டும், சோறு கீது" என்றாள் அம்மா. அவள் முகத்தில் சிரிப்பில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் கணக்குதான் தப்பு என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. படகை வேறு வேறு இடங்களுக்குப் போகச் சொல்லி, ஒவ்வொரு இடத்திலும் ஒலியை எழுப்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மூன்று காதுகள் ஒன்றுபோலச் சொல்லின. நாலாவது மட்டும் முரண்டு பிடித்தது. அப்போது அவர் செய்த காரியத்தை நான் இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன். கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நமக்குத் தெரியுமே, அப்படியானால் காது எங்கே இருக்கிறது?

"நாலாவது காது மதகுகிட்ட இருக்கு" என்றார்.

காலையில் அதை இறக்கிய இடத்தில் வெள்ளை கேன் மிதந்துகொண்டிருந்தது. மதகருகிலும் ஒன்று மிதந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவருடைய வலைக்கும் அதே கேன்தான் மிதவை.

"உங்க கல்லு என் வலை மேல குந்திக்கினு இருந்திச்சி. படிச்ச புள்ளைங்க பொருளாச்சேன்னு பதமா எட்து மதகாண்ட வெச்சேன். அந்தாண்ட கேன் என்னுதும்மா."

அக்கா சிரித்துவிட்டு, நாலாவது காதை இருந்த இடத்திலேயே விடச் சொன்னார். கணினியில் மட்டும் இடத்தை மாற்றினார். பிறகு ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஒலிபெருக்கியை இஷ்டப்பட்ட இடத்தில் இறக்கும்படி டிரைவருக்குப் போனில் சொன்னார். டிரைவர் குறும்புக்காரர். வெகுநேரம் சுற்றிவிட்டு ஓரிடத்தில் இறக்கினார்.

திரையில் புள்ளி நாலாவது காதின் பழைய இடத்தில் நின்றது. அக்கா போனில் டிரைவரிடம் சொன்னார்: "அது இப்ப வலைக்குள்ள இருக்கு, சார்."

டிரைவர் கயிற்றை இழுத்தார். வரவில்லை. வலையில் சிக்கியிருந்தது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி கைக்கு வராமல் கடலுக்குப் போக முடியாது. மத்தியானம் வலையைக் காப்பாற்றக் கல்லை நகர்த்திய சித்தப்பா, இப்போது இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், கத்தியால் அந்த வலையையே அறுத்துவிட்டார். அக்கா பேராசிரியருக்குப் போன் செய்தார். படகு கிடைத்தது.

பழவேற்காட்டிலிருந்து வெகுதூரத்தில், ஆழ்கடலில், நீரோட்டம் எங்கள் காதுகளை இழுத்துக்கொண்டே இருந்தது. அக்கா பதறவில்லை. ஒலிபெருக்கியை இறக்கி முதலில் எங்கள் காதுகளைக் கண்டுபிடித்தார், பிறகு திமிங்கிலத்தை. மூச்சு வாங்க அது மேலே வரத் தொடங்கியதும் சொடுக்கு நின்றது. அக்கா ஒரு திசையில் கையை நீட்டினார். அங்கேதான் மூச்சு எழுந்தது, சாய்ந்த வெள்ளைப் புகைபோல.

திரும்பி வந்ததும் வலைக்குப் பணம் கொடுக்கப் போனோம். ஆராய்ச்சிச் செலவில் மீன்வலையைக் காட்ட வழியில்லாததால் அக்காவும் நானும் பாதிப் பாதி போட்டிருந்தோம். சித்தப்பா புது வலைக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். அறுந்ததைத் தைக்க நூல் மட்டும் கேட்டார். திமிங்கிலத்தின் மூச்சை என் போனில் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டே நூல் விலையைச் சொன்னார்: முந்நூற்று நாற்பது ரூபாய்.