விரிப்பு மடிக்கும் பாட்டு

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, விரல் தொட்டு முனையைக் கைமாற்ற வேண்டும். பேசிக்கொள்ளாதவர்களுக்கு ஏற்ற வேலையல்ல. அண்ணியும் நாத்தனாரும் மூன்று வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு தடவை இதைப் பேசாமலேயே செய்துவந்தார்கள்.

காரணம், அண்ணியின் வாய். நாத்தனாருக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், பெண்ணுக்குக் கோபம் வருமா என்று கேட்டார்கள். "வரும். வந்தா வீட்ல தட்டு மிஞ்சாது" என்றாள் அண்ணி, வேடிக்கையாகத்தான். வந்தவர்கள் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. பாட்டு நிற்கவில்லை. தாளமில்லாமல் மடித்தால் விரிப்பு கோணும் என்பதால் அந்தப் பிரிவில் பாட்டு வேலையைச் சேர்ந்தது. பேசினால் அண்ணியை 'நீங்க' என்று சொல்லியாக வேண்டும். பாட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று நாத்தனார் எடுத்துவிடுவாள்:

*ஆறு முழ விரிப்புக்கும் அளவொண்ணு இருக்குதடி*
*ஆளைக் கெடுக்கும் நாக்குக்கு அளவேதும் இல்லையடி*

பதிலுக்கு அண்ணி, உடைந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாடுவாள். திட்டுதான், ஆனாலும் கடிதம் மாதிரி. நாத்தனாருக்குப் பல்வலியா, தூக்கமில்லையா என்பதெல்லாம் அண்ணிக்கு அதில்தான் தெரியவரும்.

மருத்துவமனை லிஃப்ட்காரர் இதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார். வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத நாடுகளிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. இதைப் போட்டால்தான் குழந்தை தூங்குகிறது என்று ஒரு தாய் எழுதினாள். இரு பெண்களின் அன்பு கண்ணீரை வரவழைப்பதாக இன்னொருவர். அர்த்தம் புரியாதவரை உலகம் மிக நல்ல இடம்.

பிறகு ஒரு வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையம் கேட்டது: நேரலையில் பாட வேண்டும், எங்கள் மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி அர்த்தத்தைத் திரையில் போடுவார்.

திட்டெல்லாம் அம்பலமாகிவிடுமே என்று இருவரும் பயந்தார்கள். லிஃப்ட்காரரைத் தூது விட்டே, நிலா, அருவி என்று கௌரவமான பாட்டு ஒன்றைத் தயார் செய்தார்கள். ஒத்திகையில் லிஃப்ட்காரர் கொட்டாவி விட்டார்.

"யாரு செத்துட்டாங்கன்னு இவ்ளோ மரியாதை?"

நாத்தனார் அவரிடமே இன்னொன்றையும் சொல்லி அனுப்பினாள். நேரலை முடிந்ததும் மாடி வார்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாளாம். அண்ணி இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்திலேயே மறந்து, ஒரு தலையணை உறையைக் கருக்கினாள். மாடிக்குப் போய்விட்டால் இந்தத் திட்டும் இல்லை.

மதிய இடைவேளையில் நேரலை. செல்போன் துணி வண்டிமேல் நின்றது. மொழிபெயர்ப்பாளர் வணக்கம் சொன்னார். நிலா வந்தது, அருவி வந்தது. பார்ப்பவர் எண்ணிக்கை குறைவதை லிஃப்ட்காரர் விரலால் காட்டினார். நாத்தனாரின் கண் சுவரில் இருந்தது. இன்னும் ஒரே விரிப்பு.

அதை உதறியபோது அண்ணி நிலாவை விட்டுவிட்டாள்.

*சிரிக்கத்தான் சொன்னேன் ஒரு சொல்லு*
*சிரிச்சவ நான் மட்டும்தான்*
*முறிச்சதும் இந்த நாக்குத்தான், இப்போ*
*முள்ளாக் குத்துறதும் அதுதான்*

கடைசி அடியில் குரல் உடைந்தது. நாத்தனார் எதிரே நடந்து வர வேண்டிய இடம் அது. அவள் வரவில்லை. நின்ற இடத்திலேயே முனைகளை இறுகப் பிடித்திருந்தாள். நடுவே விரிப்பு விறைத்து நின்றது. திரையில் அர்த்தம் ஓடி முடிந்து வெறுமையானது. லிஃப்ட்காரர் போனை அணைக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். தடங்கலா என்று மொழிபெயர்ப்பாளர் மெல்லக் கேட்டார்.

நாத்தனார் தொண்டையைச் செருமினாள்.

"அண்ணி, சுருதி இறங்குது. முதல்லேருந்து எடுங்க."

மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். அதையும் திரையில் போட்டார். அண்ணி முதலிலிருந்து எடுத்தாள். சுருதி இன்னும் இறங்கித்தான் இருந்தது. நாத்தனார் முகத்தைச் சுளித்தபடி, முனைகளோடு எதிரே நடந்து வந்தாள்.