தம்பித்துரை மாஸ்டரின் குடியரசு

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் தட்டுக் கழுவிய தம்பித்துரை, யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் ரோம வரலாறு படிப்பித்தவர். 1991இல் எங்கள் சனம் சேர்ந்து தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது அதன் விதிமுறைகளான யாப்பை எழுதும் வேலை அவரிடம் வந்தது. வேறு ஒருவருக்கும் அதில் விருப்பமிருக்கவில்லை.

மாஸ்டர் ரோமக் குடியரசையே எழுதி வைத்துவிட்டார்.

"ரோமர் கடைசி அரசனைக் கலைச்சுப்போட்டு என்ன செய்தவங்கள்? ரெண்டு பேரிட்ட அதிகாரத்தைக் குடுத்தவங்கள். அதுவும் ஒரு வருசத்துக்கு. ஒருத்தர் செய்யிறதை மற்றவர் மறிக்கலாம். அப்பிடி இருந்துதான் இத்தாலியையே பிடிச்சவங்கள்" என்று முதல் கூட்டத்தில் விளக்கினார். ஆபத்துக் காலத்தில் மட்டும் ஒருவர் ஆறு மாதம் முழு அதிகாரத்தோடு ஆளலாம் என்றொரு விதியும் யாப்பில் இருந்தது.

சங்கம் வளர்ந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, பக்கத்து ஊர்க்காரரும் உறுப்பினர். மாஸ்டர் எந்தப் பதவியும் ஏற்கவில்லை. அதைக் காண்போரிடமெல்லாம் சொல்லவும் செய்தார்.

1995 கடைசியில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. சங்கம் மருந்துப் பெட்டிகள் சேர்த்தது. இரண்டு தலைவர்களில் ஒருவரான ஜேசுரட்ணம் கோயில் வழியாக அனுப்ப விடவில்லை. மற்றத் தலைவரான விமலநாதன் தேவாலயம் வழியாக அனுப்ப விடவில்லை. இருவரும் யாப்பின்படியே மறித்தார்கள். ஐந்து வாரமாகப் பெட்டிகள் அசையவில்லை.

ஊரில் மாஸ்டரிடம் படித்து, இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்த செயலாளர் கொறற்றிதான் பொறுமை இழந்தாள். "மாஸ்டர், நீங்களே பொறுப்பெடுங்கோ. ஆறு மாசம்தானே?"

மாஸ்டர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று சற்றுப் பயந்தும் போனார். கேட்டார்கள்.

ஒன்பது நாளில் பெட்டிகள் போய்விட்டன. ஆறு மாதம் முடிய விளையாட்டுப் போட்டி வந்தது, அதனால் நீடித்தார்கள். பிறகு பொங்கல் வந்தது. நாலு மணித்தியாலம் இழுபட்ட கூட்டங்கள் இருபது நிமிடத்தில் முடிந்து, கூட்டம் முடியத் தின்னத் தரும் றோல்ஸ் சூடாகவே கிடைத்தது. 1998இல் மாஸ்டரை ஆயுட்காலத் தலைவராக்கி, அதை வருடாவருடம் வாக்கெடுத்து உறுதிசெய்யத் தீர்மானம் வந்தது.

"தலைவர் எண்ட சொல் வேண்டாம். முதல் உறுப்பினர் எண்டு போடுங்கோ" என்றார் மாஸ்டர். அவருடைய அடக்கத்துக்குக் கைதட்டினார்கள்.

கொறற்றி எழுந்தாள். "மாஸ்டர், ரோமை ஆண்ட அகஸ்ரசும் தன்னை அரசன் எண்டு சொல்லேல்லையே. முதல் குடிமகன் எண்டுதானே சொன்னவன்? குடியரசு அதோட முடிஞ்சது எண்டு நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள்."

"ஓம் பிள்ளை, நல்லாய் ஞாபகம் வைச்சிருக்கிறீர்!" மாஸ்டர் உண்மையாகவே பூரித்துப் போனார். அறுபத்தொரு வாக்கு ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. 'குடியரசு உயிரோடு இருப்பதற்கு இந்த ஒரு வாக்கே சாட்சி' என்று கூட்டக் குறிப்பில் எழுதச் செய்தார்.

அடுத்த வருடம் கொறற்றி கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாஸ்டருக்கு மனம் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கே போனார்.

"பிள்ளை, வந்து எதிர்த்து ஒரு வாக்குப் போடும். நீர் இல்லாட்டி இது குடியரசு இல்லை."

"எனக்கு வேலை, மாஸ்டர். என்ர வாக்கையும் நீங்களே போட்டுவிடுங்கோ."

அந்த வருடமும் எதிர்வாக்கு ஒன்று பதிவானது.