யாரும் இரவல் கேட்காத விளக்கு

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டுக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் காலனியில் சவுரிராயனைத் தெரியாதவர் கிடையாது. டிரைவர் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும் என்பார்கள். தாயும் தகப்பனும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவர் மீசை அரும்பும் வயதில் ஒரு நிலக்காரரின் டிராக்டரில் ஏறினார். அங்கிருந்து நெல் லாரி, லாரியிலிருந்து சுற்றுலாப் பேருந்து என்று மாறி, ஐம்பதைக் கடந்த பிறகு திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியின் பேருந்தை ஓட்டி வருகிறார். இத்தனை காலம் ஓட்டிய வண்டிகளில் ஒன்றுகூட அவருடையதாக இருந்ததில்லை. அந்தக் குறை உள்ளே கனன்றுகொண்டே இருந்ததால்தான், சென்ற தை மாதம் விழுப்புரத்தில் ஒருவர் தம்முடைய பழைய வேனை மலிவாகத் தருகிறேன் என்றதும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டார். வேன் ஒரு லாரியின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு, மணப்பெண்ணைப் போலத் தலைகுனிந்து வந்து சேர்ந்தது.

வீட்டை ஒட்டிச் சிமெண்ட் ஷீட் வேய்ந்த ஒரு கொட்டகை உண்டு. வேன் அதற்குள் போனது. போனதோடு சரி. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஓர் ஓசை வரும், மறுபேச்சு இருக்காது. சவுரிராயன் பேட்டரியை மாற்றினார். ஸ்டார்ட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வேன் அதே ‘டிக்’கைச் சொன்னது.

அவர் மனைவி அம்மணி தையல்காரர். அந்தக் கொட்டகையின் மீது அவருக்கு நெடுநாளாக ஒரு கண். நவம்பர் முதல் வாரத்தில், முற்றத்தில் துணி மூட்டைகள் மழைச் சாரலில் நனைந்த ஒரு மாலையில், அவர் தீர்ப்பைச் சொன்னார்.

“இன்னாங்க, சவேரியார் திருநாளுக்குள்ள அது தானா ஸ்டார்ட் ஆயி வெளியில வரணும். வரலன்னா காயலாங்கடைக்காரர வரச்சொல்லிடுவேன். என் மிஷின் ரெண்டயும் அங்க போட்டுக்குவேன். கிறிஸ்மஸ் துணி வந்து குமிஞ்சிக்கினு கெடக்குது.”

“வந்துடும், வந்துடும்.”

“ஈஸ்டருக்கும் இதத்தான் சொன்னீங்க.”

சவேரியார் திருநாள் டிசம்பர் மூன்றாம் தேதி. சவுரிராயன் தாங்கியிருப்பதே அந்தப் புனிதரின் பெயர்தான். தன் பெயர்த் திருநாளன்று தன் ஒரே வண்டி பழைய இரும்பாகப் போவதை எண்ணியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு வேலை தெரியாமல் இல்லை, வெளிச்சம்தான் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பும்போது ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு நிற்கும். கொட்டகையின் டியூப் லைட் வேனின் கூரையை மட்டும் பளபளக்கச் செய்யும், அடியில் கும்மிருட்டு. கைப்பேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஒருநாள் படுத்தார். பாதி வேலையில் பள்ளி முதல்வர் அழைத்துவிட்டார். மறுநாள் அம்மணி கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள முன்வந்தார். ஆனால் அதிலேயே டிவி சீரியலும் பார்த்துக்கொண்டிருந்ததால், கதாநாயகி அழும்போதெல்லாம் வெளிச்சம் கூரைக்குப் போனது.

ஆகவே திண்டிவனம் கடைத்தெருவில், சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பெரிய சதுர விளக்கு ஒன்றை வாங்கி வந்தார். போட்டால் கொட்டகை பட்டப்பகல் போலானது. அதுவே வினையாகவும் ஆனது. அந்த வெளிச்சம் தெருக்கோடிவரை போய்த் தன்னைத் தானே விளம்பரம் செய்துகொண்டது. முதலில் ஜெபக் கூட்டத்துக்குக் கேட்டார்கள். பிறகு காணாமற்போன ஆட்டைத் தேட முத்துசாமி கேட்டார். அதன்பின் எதிர்வீட்டுக் கொளஞ்சி வந்தார். அவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுபவர். கூச்சம் என்பது பிறப்பிலேயே இல்லாதவர்.

“டிரைவரண்ணே, அந்த லைட்ட குடுங்க. மோட்டார் கொட்டாய்ல பாம்பு பூந்துகிச்சின்றாங்க.”

அம்மணி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். “வெளக்கு வச்சப்புறம் வீட்டுலேர்ந்து எதையும் வெளிய குடுக்கக் கூடாது, கொளஞ்சி.”

“எக்கா, அது எங்க வூட்டுச் சாஸ்திரம். நீங்க மாதா கோயிலுக்குப் போறவங்க, உங்களுக்கு எப்ப இருந்து?”

“நல்ல சாஸ்திரம் யாரு வூட்டுல இருந்தா இன்னா?”

“அதுல உப்பு, ஊசி, பணம்தான் குடுக்கக் கூடாதுன்னு இருக்குது. வெளக்கயே குடுக்கக் கூடாதுன்னு எந்த ஊருல இருக்குது?”

விளக்கு போனது. பாம்பும் போயிருக்க வேண்டும். விளக்கு மட்டும் திரும்பவில்லை. கேட்டுப் போனால் அது வேறொரு வீட்டில் இருந்தது. அங்கே போனால் இன்னொரு வீட்டில். இருட்டில் கேட்டு வருகிறவனிடம் விளக்கை இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. சவுரிராயனுக்கும் அது வாயில் வராது. ஒரு மாலை, தாமே அதைத் தேடிப்போன இடத்தில் கல்யாணப் பந்தற்கால் நடுகிறார்கள் என்று கண்டு, நின்று விளக்கைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

நவம்பர் கடைசி வாரத்தில் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். சவுரிராயன் விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறினார். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் தமிழ்மணி என்பவர் கருவிக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் தம் தேவையை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

“வேலைக்கு ஆவற லைட்டு வேணும். ஆனா பாத்தா எவனும் எரவல் கேக்கக் கூடாது.”

தமிழ்மணி சிரிக்கவில்லை. கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் எந்தக் கோரிக்கையும் புதியதல்ல. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். தலையில் மாட்டும் பட்டை விளக்கைச் சவுரிராயன் போட்டுப் பார்த்துக் கழற்றினார். அது நெற்றியில் அழுத்தியது, அதோடு கொளஞ்சியின் தலைக்கும் சரியாகப் பொருந்தும் என்று தோன்றியது. அடுத்து வந்தது அகலப் பெட்டியில் பெரிய எண்கள் அச்சிட்ட ஒன்று.

“அட்டையில போட்ட வாட்ஸ நம்பாதீங்கண்ணே. எவ்ளோ நேரம் எரியுதுன்னு கேளுங்க, பேட்டரி செத்தா மாத்த முடியுமான்னு கேளுங்க. உங்க போன் சார்ஜரே இதுக்கும் ஆவும்னா பேஜாரு இல்ல.” கடைசியாக முழ நீளத்தில் ஒரு குச்சி விளக்கை எடுத்தார். அடியில் காந்தம். கழுத்து எந்தப் பக்கமும் மடங்கும். “இது ஆயிரத்துக்குள்ளதான். முகத்துக்கு நேரா ஒரு மொழம் வெளிச்சம். அதத் தாண்டி ஒன்னும் தெரியாது.”

சவுரிராயன் கண்கள் விரிந்தன. ஆனாலும் டிரைவர் பார்க்காமல் வாங்குவாரா? இருட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். ஓர் அட்டையை விரித்து மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். காந்தத்தை மேசையின் இரும்புக் காலில் ஒட்டினார். பல்லி போல் பிடித்துக்கொண்டது. அந்நேரம் வாசலில் ஒரு பெண்மணி குனிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார்.

“அய்யோ பாவம், மயக்கமா? சோடா வாங்கியாரட்டுமா?”

“இல்லம்மா, லைட்டு வாங்கிக்கினு இருக்கேன்,” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

அன்று மாலையே சோதனை வந்தது. கொளஞ்சி மறுபடி விளக்குக் கேட்டுக் கொட்டகை வாசலில் நின்றார். சவுரிராயன் பெருந்தன்மையோடு புது விளக்கை நீட்டினார். கொளஞ்சி அதைப் போட்டு, திருப்பி, தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

“இன்னாண்ணே இது, ஒரு மல்லாட்டச் செடிக்குக்கூட முழுசா காணாது போலக்குதே. ஏமாத்திட்டானுங்க உங்கள.” உண்மையான வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சவுரிராயன் வெற்றிக் களிப்போடு வேனுக்கு அடியில் புகுந்தார். பேட்டரியிலிருந்து வரும் கம்பிகளுக்குப் பக்கத்தில், தளத்தின் அடிப்பாகத்தில் விளக்கை ஒட்டினார். கையை எடுத்ததும் அது நேராக அவர் மூக்கின் மேல் விழுந்தது. மீண்டும் ஒட்டினார். மீண்டும் மூக்கு. சற்றுத் தள்ளி ஒட்டியதில் இம்முறை பல்.

“காந்தம் செத்த காந்தம் போல,” என்று புலம்பினார்.

வாசலில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மணி எழுந்து வந்து, விளக்கை வாங்கித் தன் கத்தரிக்கோலில் வைத்துப் பார்த்தார். அது விடமாட்டேன் என்றது. “காந்தம் நல்லாத்தான் இருக்குது. உங்க வேன்லதான் இரும்பு இல்ல. ஓட்டையெல்லாம் பட்டிய அப்பி அடைச்சி வித்துட்டானுங்க.”

நெடுநாளாகத் தாம் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்ட மகிழ்ச்சியில் அவர் சிரித்தார். அடியில் படுத்திருந்தவர் சிரிக்கவில்லை. மூக்கைத் தடவியபடி, விளக்கை வேனின் அடிப்பாகம் நெடுக வைத்து வைத்துப் பார்த்தார். வேனைத் தாங்கும் நீள இரும்பு உத்திரங்களில் ஒட்டியது. கதவருகே ஒட்டியது. முன்பக்கத் தளத்தில், ஒரு முறம் அளவு இடத்தில் மட்டும் ஒட்டவே இல்லை. அந்த இடத்தின் நடுவில்தான் பேட்டரியின் எர்த் ஒயர் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது.

ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். வெள்ளைப் பட்டி மாவாக உதிர்ந்தது. அதன் மேல் ஃபைபர்த் துண்டு. துருப்பிடித்து விழுந்த இரும்புக்குப் பதிலாக யாரோ ஃபைபரை ஒட்டி, பெயிண்ட் அடித்து, எர்த் ஒயரை அதிலேயே மாட்டியிருக்கிறார்கள். போல்ட்டின் நுனியில் பட்ட துரு வழியே கசியும் துளி மின்சாரத்தைத் தவிர, எதுவும் திரும்பிப் போக வழியில்லாத இடத்தில் கம்பி முடிந்திருந்தது. ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்பதைத் தவிர வேறென்ன சொல்லும்?

“அம்மணி, பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு. ஜல்தி.”

விளக்கை உத்திரத்தில் ஒட்டி, அதன் முழ வெளிச்சத்தில் ஒயரைக் கழற்றினார். உத்திரத்தில் ஓரிடத்தைப் பளிச்சென்று தேய்த்து, அங்கே முடுக்கினார். தவழ்ந்து வெளியே வந்து இருக்கையில் ஏறினார். சாவியைத் திருப்பும் முன் சிலுவை போட்டுக்கொண்டார். வேன் இருமியது, குலுங்கியது, கொட்டகை முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு உறுமத் தொடங்கியது. கொளஞ்சி தம் வீட்டிலிருந்து ஓடி வந்து, “தீயா?” என்று கேட்டார்.

திருநாளன்று காலையில் வேன் தானாகவே வெளியே வந்தது. அம்மணி முன்னிருக்கையில் பட்டுப்புடவையோடு அமர்ந்தார். தெருவில் பாதிப் பேர் பின்னால் ஏறினார்கள். கோயிலில் பூசை முடிந்ததும் அம்மணியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பூசைக்கு வந்திருந்த உறவுக்காரர்களைக் கூட்டேரிப்பட்டில் பேருந்து ஏற்றிவிடப் போனார் சவுரிராயன். திரும்பும்போது வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஹாரன் அடித்தார், தெரியாதவர்களுக்கும் அடித்தார்.

கொட்டகைக்கு முன் வந்து பிரேக்கை மிதித்தார். உள்ளே தரை கூட்டிக் கழுவப்பட்டிருந்தது. நடுவில் ஒரு தையல் மிஷின். துணி மூட்டைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“இன்னா இது? வேன்தான் ஓடிடுச்சே.”

“ஓடிடுச்சில்ல? ஓடாத வண்டிக்குத்தான் ஷெட்டு. ஓடற வண்டி தெருவுல நிக்கும். உங்க ஸ்கூல் பஸ்ஸு இன்னா கூரைக்குள்ளயா நிக்குது?”

“நாம பேசுனது அப்பிடி இல்லியே.”

“வெளியில வரணும்னு பேசனோம். வந்துடுச்சி. திரும்ப உள்ள வரணும்னு யாரு பேசனாங்க?”

சவுரிராயன் வேனைப் பார்த்தார். வெயிலில் அதன் முன்கண்ணாடி மினுங்கியது. தெருவே பார்க்கும்படி தன் வண்டி நிற்பதில் ஒரு குறையும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதை வேப்பமரத்து நிழலுக்கு நகர்த்தி நிறுத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இரண்டாவது மிஷினின் மறுமுனையைப் பிடிக்க வீட்டுக்குள் போனார்.