லெஸ் ஹாலமும் இன்ஜின் உறையும்

பேருந்து வந்து கதவைத் திறந்து நின்றாலும் லெஸ் ஹாலம் ஏறமாட்டார். பைனாகுலரைக் கண்ணில் வைத்து அண்ணாந்தபடி நிற்பார். விமானம் மறைந்த பிறகுதான் ஓட்டுநர் பக்கம் திரும்பி, "நம்ம இன்ஜின்தான்" என்று சேதி சொல்வார். "ரொம்ப சந்தோஷம், உள்ள போ பெருசு" என்பார் ஓட்டுநர். இங்கிலாந்தின் டெர்பி நகரில் அந்தத் தடத்தில் ஓட்டுகிற எல்லோருக்கும் இது பழகிவிட்டது.

லெஸ் எங்கள் ஊர் இன்ஜின் ஆலையில் நாற்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். நான் அடுத்த வீடு. இறக்கைக்கு அடியில் இன்ஜினைத் தாங்கும் கை ஒன்று உண்டு. அதைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறையைப் பார்த்தே உள்ளே யாருடைய இன்ஜின் என்று சொல்லிவிடுவார்.

"ஒரே மாடல் விமானம்தானே, உறை மட்டும் ஏன் மாறுது?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். தட்டில் இருந்த வறுத்த மீன் ஆறிப்போனது.

"வாங்குறவன் எந்தக் கம்பெனி இன்ஜின் வேணும்னு கேக்குறானோ அதை மாட்டுவாங்கய்யா. ஒண்ணு கனம், ஒண்ணு நீளம், ஒண்ணு சூட்டுக்காத்தை வேற மாதிரி தள்ளும். அதுக்கேத்த மாதிரி தாங்குற கை மாறும். கை மாறினா மேல போடுற சட்டையும் மாறணும்ல? காத்து வழுக்கிட்டுப் போகணும்ல?"

நியாயம்தான். இதைச் சொல்ல ஒன்றரை மணி நேரம் எதற்கு என்பதுதான் என் வருத்தம்.

தப்பான உறையைக் கண்டால் மனிதருக்குத் தாங்காது. அவருடைய மச்சினி தன் பேரனுக்குப் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு விமானம் இருந்தது. ஞானஸ்நான விருந்தில் எல்லோர் முன்னாலும் அதன் உறை தப்பு என்று லெஸ் திருத்தம் சொன்னார். மச்சினி அழுதேவிட்டார். லெஸ்ஸின் மனைவி மேவிஸ் காரில் ஏறும்போது சொன்னது என் காதிலும் விழுந்தது.

"இன்னொரு தடவை உறைன்னு வாயைத் தொறந்தே, நான் என் தங்கச்சி வீட்டுக்கே போயிடுவேன். நீ உன் உறையோட குடும்பம் நடத்து."

மேவிஸ் சொன்னால் செய்கிற ரகம்.

போன சனிக்கிழமை அவர்களுடைய நாற்பதாவது திருமண நாள். மேவிஸ் மூன்று நாள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, கணவருக்காகத் தன் கையாலேயே ஒரு விமானக் கேக் செய்திருந்தார். வலது இறக்கைக்கு ஒரு படம், இடது இறக்கைக்கு வேறொரு படம் பார்த்துச் செய்தாராம். மூடியைத் தூக்கியதும் எனக்கே பகீரென்றது. வலப்பக்கம் எங்கள் ஊர் இன்ஜினின் உறை. இடப்பக்கம் போட்டிக் கம்பெனியின் உறை.

லெஸ்ஸின் காது சிவந்தது. வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது.

"என்ன?" என்றார் மேவிஸ், கையில் கத்தியோடு.

"ஒண்ணுமில்லையே."

"ஏதோ சொல்ல வந்தே."

"அழகா இருக்குன்னு…"

"இறக்கைக்கு அடியில பாத்தியா? பாதி நேரம் அதுலதான் போச்சு."

மச்சினி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மேவிஸ் கிளம்பிவிட்டால் மூன்று வேளையும் லெஸ் யார் வீட்டுக்குச் சாப்பிட வருவார் என்று எனக்குத் தெரியும்.

லெஸ் குனிந்தார். இடது இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை விட்டு, அந்த உறையை மட்டும் அலுங்காமல் பெயர்த்தெடுத்து, முழுசாக வாயில் போட்டு, மேவிஸின் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார்.