கடலை இல்லை, கச்சான்

நான் மல்லாட்டை தின்று வளர்ந்தவள். திருவண்ணாமலைப் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். அவித்தது, வறுத்தது, செடியில் இருந்து பிடுங்கிய கையோடு உரித்தது என்று எல்லாம் இந்த வயிற்றுக்குள் போயிருக்கிறது. என் மகளுக்கோ அதில் ஒரு துணுக்கு வாயில் பட்டாலே உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். அவளுக்கு இரண்டு வயதில் மெல்பேர்ன் டாக்டர் இதைச் சொன்னபோது, எங்கள் ஊரில் யாருக்கும் இப்படி வந்ததே இல்லை என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தொடையில் ஊசி போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்.

அன்றோடு அந்தப் பொருள் எங்கள் வீட்டுக்குள் வருவது நின்றது. ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் பச்சைக் கடலையை மூட்டையாக வைத்து விற்கும் கடையைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன். பொருளே இல்லாத வீட்டில் அதற்குச் சொல் எதற்கு? மகளுக்குத் தெரிந்தது "பீனட்" என்ற ஒரே சொல்தான். யார் எதை நீட்டினாலும் "டஸ் இட் ஹேவ் பீனட்?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும் என்று பள்ளியிலும் சொல்லியிருந்தார்கள், நானும் சொல்லியிருந்தேன். சமர்த்தாகக் கேட்பாள்.

ஆறு வயதில் அவள் எதற்கெடுத்தாலும் இங்கிலீஷில் பதில் சொல்லத் தொடங்கினாள். "சாப்பிட வா" என்றால் "இன் எ மினிட்". எனக்குத் தமிழ்ப் பற்று பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் வெளியிலும் தமிழ் மட்டும், இங்கிலீஷில் பேசினால் அம்மாவுக்குக் காது கேட்காது என்று சட்டம் போட்டேன். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்கு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் குடிவந்தார். அவர்கள் வழக்கில் அன்ரி. கேட்கக் கேட்க இனிக்கும் தமிழ். அவர் வீட்டுக்குப் போய்ப் பழகினாலே பிள்ளைக்குத் தமிழ் வந்துவிடும் என்று நினைத்தேன்.

கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு ஞாயிறு காலை, அன்ரி வாசலில் நின்று கையைக் காட்டினார்.

"வாங்கோ, வாங்கோ. கதிரையிலை இருங்கோ. குசினிக்கை ஒரு சாமான் வைச்சிருக்கிறன்."

தட்டு நிறைய உருண்டை கொண்டு வந்தார். எள் வாசனை தூக்கியது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆனால் தமிழில் கேட்டேன்.

"இதுல கடலை இருக்கா அன்ரி? இவளுக்குக் கடலை ஆகாது."

"கடலையோ? சீ, கடலை ஒண்டும் போடேல்லைப் பிள்ளை. எள்ளும் கச்சானும் இடிச்சு, சக்கரை போட்டு உருட்டினது. பயப்பிடாமல் குடுங்கோ."

அன்ரியின் பேச்சில் எனக்குத் தெரியாத பெயர்கள் நிறைய வரும். முந்தின வாரம் குரக்கன் என்றார், பார்த்தால் நம்ம கேழ்வரகு. கச்சானும் அப்படி ஏதோ ஒரு தானியமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். "கடலை இல்லை" என்றது காதில் விழுந்ததும் என் மனசு கதவைச் சாத்திக்கொண்டது.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மகள் தட்டைப் பார்த்தாள், அன்ரியைப் பார்த்தாள். "டஸ் இட் ஹேவ்" என்று ஆரம்பித்தாள்.

"தமிழ்ல கேளு" என்றேன்.

அவள் யோசித்தாள். பீனட்டுக்குத் தமிழ் அவளுக்குத் தெரியாது. நான் சொல்லித் தரவில்லையே. "இதுல... அது இருக்கா?" என்றாள்.

"எது குஞ்சு?" என்றார் அன்ரி.

"அம்மா கேட்டுட்டேன்டி, சாப்பிடு" என்றேன் நான், பிள்ளை தமிழில் பேசிவிட்ட பூரிப்பில்.

ஒரு கடிதான். "மை டங் ஃபீல்ஸ் ஃபன்னி" என்றாள். கீழுதடு தடித்துக்கொண்டு வந்தது. நான் கைப்பையைத் தரையில் கொட்டி ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினேன். அன்ரி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபடியே அழுதார். எனக்கு அழக்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானது. ஆனாலும் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மகள் தூங்கினாள். அன்ரியும் கூடவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, நீங்கள் கடலை எண்டெல்லே கேட்டனீங்கள். எங்களுக்குக் கடலை எண்டால் கோயில்லை சுண்டல் அவிக்கிறது. பீனட்டை நாங்கள் கச்சான் எண்டுதான் சொல்லுறது."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல், என் மேல், அந்தப் பாழாய்ப்போன கொட்டையின் மேல். ஒரு கொட்டைக்கு எதற்கு இத்தனை பேர்? கோபத்தோடுதான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை.

அது நம்ம ஊர்க் கொட்டையே இல்லையாம். தென் அமெரிக்காவில் விளைந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே போகும்வரை தமிழன் எவனும் அதைக் கண்ணால் கண்டதில்லை. பிறகு போர்ச்சுகீசியர் ஒரு பக்கம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டு வந்தார்கள், ஸ்பானியர் இன்னொரு பக்கம் மணிலாவுக்குக் கொண்டு போனார்கள். மணிலாவில் இருந்து வந்தது மணிலாக்கொட்டை. அடிப் பாவி! அதைத்தான் வாய்க்குள் மென்று மென்று மல்லாட்டை ஆக்கியிருக்கிறோம். பிறந்ததில் இருந்து சொல்லி வந்த சொல்லுக்குள் ஒரு துறைமுகம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

"கச்சானுக்கு என்ன போட்டிருக்கு?" என்றார் அன்ரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அதற்கு உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

"கச்சான் எண்டு ஒரு காத்தும் இருக்குப் பிள்ளை, மேற்கிலையிருந்து அடிக்கிறது. அந்தப் பக்கத்தாலை வந்த சாமான் எண்டு வைச்சினமோ, ஆருக்குத் தெரியும்?"

மிளகாயும் அந்தக் கப்பல்களில் வந்ததுதான் என்று படித்துச் சொன்னேன். தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி எல்லாம் அப்படித்தான்.

"அப்ப அதுக்கு முன்னம் எங்கட ஆக்கள் கறிக்கு உறைப்புக்கு என்ன செய்தவை?"

"மிளகுதான் அன்ரி."

"ஐயோ பாவங்கள்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க குசினி, கதிரை எல்லாமே அவங்க சொல்தான் அன்ரி. போர்ச்சுகீஸ்."

"சும்மா இருங்கோ. குசினி எங்கட தமிழெல்லே?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, நீங்கள் என்னெண்டு சொல்லுறனீங்கள்?" என்றார்.

"கிச்சன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தமிழ் மட்டும் என்று சட்டம் போட்டவள் நான்.

அதற்குப் பிறகு அன்ரி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எதிரே கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். நான் ஒரு தாள் எடுத்து வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை, மணிலாக்கொட்டை, கச்சான் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மகள் தினமும் படித்தாள். மல்லாட்டையில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு அடங்காது. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானே போய் அன்ரியின் கதவைத் தட்டினேன்.

பயத்தம் பணியாரம் வைத்திருந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு எட்டப் போய் நின்றார், கிட்ட வரப் பயந்து. மகள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்ரி, இதுல வேர்க்கடலை இருக்கா?"

"இல்லைக் குஞ்சு."

"நிலக்கடலை?"

"இல்லை."

"மல்லாட்டை? மணிலாக்கொட்டை?"

"அதுகளும் இல்லை."

"கச்சான்?"

"இல்லையம்மா. இந்த வீட்டிலையே இனி அது இல்லை" என்றார் அன்ரி.

ஐந்தும் முடிந்தது. ஆனால் மகள் தட்டைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, அம்மா திட்டுவாளோ என்று பயம்.

"கேளுடி" என்றேன். "சத்தமாக் கேளு."

"டஸ் இட் ஹேவ் பீனட்?" என்று வீடு அதிரக் கேட்டாள்.

"நோ பீனட்" என்றார் அன்ரி. அதற்குப் பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.